இரண்டு கைக்கும் வேலை: வீட்டில் ஆடும் சியர்லீடிங் கேம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் சாப்பிட்ட கையோடு சியர்லீடிங் கேம் ஆட டிவி முன்னால் வரிசை பிடித்துவிடுகிறார்கள். சியர்லீடிங் என்பது விளையாட்டு அணியை உற்சாகப்படுத்தக் கூட்டமாக முழக்கமிட்டு ஆடுவது. மறுநாளே வாட்சப்பில் கேள்விகள் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்வதற்குப் பதிலாக எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா, அது என்ன கேம்? பேர் சொல்லுங்க.

'வீ சியர்'. டிவியில் மாட்டி ஆடும் நிண்டெண்டோவின் வீ கருவிக்காக நாம்கோ பண்டாய் நிறுவனம் 2008-இல் வெளியிட்டது. இரண்டாம் பாகம் 2009-இல் வந்தது. ஒரு கைக்கு ஒரு ரிமோட் என்று இரண்டு ரிமோட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவைதான் உங்கள் போம்போம், அதாவது சியர்லீடர்கள் கையில் பிடித்து ஆட்டும் குஞ்சம். திரையில் பெண்கள் அணி ஒன்று ஆடும். கை எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கோடுகள் ஓடும், பாட்டின் தாளத்துக்கு அதைப் பார்த்து வீச வேண்டியதுதான். பொத்தான் அழுத்தும் வேலை மெனுவில் மட்டும்.

அதே 2008-இல் டிஎச்கியூ நிறுவனமும் 'ஆல் ஸ்டார் சியர் ஸ்குவாட்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் பயிற்சி முகாம், தோழிகள் என்று கதை அதிகம். பத்து வயதுப் பிள்ளை தனியாக உட்கார்ந்து ஆட அது நன்றாக இருக்கும். வீடு நிறைய ஆள் இருக்கும்போது கதை யாருக்கு வேண்டும்? அதனால் நான் முதலில் சொன்னதைத்தான் சொல்வேன்.

ஜஸ்ட் டான்ஸ் என்ற நடன கேம் இருக்கும்போது இது எதற்கு?

ஜஸ்ட் டான்ஸில் வலக்கையில் ஒரு ரிமோட் மட்டும். இடக்கை, கால், இடுப்பு என்ன செய்தாலும் மார்க்குக்குக் கணக்கில்லை. பிள்ளைகள் இதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு சோபாவில் சாய்ந்தபடி வலக்கையை மட்டும் ஆட்டுவார்கள்.

வீ சியரில் இரண்டு கையும் மாட்டிக்கொள்கிறது. கைகள் ஒன்றாக மேலே போகும், ஒன்று மேலேயும் ஒன்று பக்கத்திலும் நிற்கும், குறுக்காக வெட்டிக்கொள்ளும். சோபாவில் கிடந்துகொண்டு இதைச் செய்ய முடியாது, தானாக எழுந்து நிற்க வேண்டிவரும். பாட்டு வரிசை, படத்தின் அழகு, புதுசு பழசு எல்லாவற்றிலும் ஜஸ்ட் டான்ஸ் முன்னால்தான் நிற்கிறது. எனக்கு இது பிடிக்கக் காரணம் அந்த இரண்டாவது கை.

நாம் கையை எப்படி ஆட்டுகிறோம் என்று ரிமோட்டுக்கு எப்படித் தெரிகிறது? கேமரா பார்க்கிறதா?

டிவி மேல் வைக்கும் நீளக்குச்சியைக் கேமரா என்று நினைத்து அதற்கு முன்னால் சிரிப்பவர்கள் உண்டு. அது வெறும் விளக்கு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விடும் சிறு விளக்குகள் அதன் இரண்டு முனையிலும் இருக்கின்றன. கேமரா இருப்பது ரிமோட்டின் மூக்கில். மெனுவில் எதையாவது சுட்டிக் காட்டும்போதுதான் அதற்கு வேலை.

ஆடும்போது வேலை செய்வது ரிமோட்டுக்குள் இருக்கும் முடுக்கமானி என்ற சில்லு. கை எந்தத் திசையில், எவ்வளவு வேகமாக வீசப்படுகிறது, எங்கே சட்டென்று நிற்கிறது என்பதை அது உணரும். கூடவே பூமியின் ஈர்ப்பையும் உணர்வதால் ரிமோட் நிமிர்ந்திருக்கிறதா படுத்திருக்கிறதா என்பதும் தெரியும். கை அறையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது மட்டும் அதற்குத் தெரியாது. தலைக்கு மேல் வீசினாலும் வயிற்றுக்கு முன்னால் வீசினாலும் திசையும் வேகமும் ஒன்றாக இருந்தால் அதற்கு இரண்டும் ஒன்றுதான். கால் இருப்பதே அதற்குத் தெரியாது!

இந்த ஒரு விஷயம் புரிந்தால் கீழே வரும் பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

சரியாகத்தான் ஆடுகிறோம். ஆனால் மார்க்கே விழவில்லை. ரிமோட் கெட்டுப்போச்சா?

அதிகம் வரும் கேள்வி இது. ரிமோட்டைக் குறை சொல்வதற்கு முன் சிலவற்றைப் பாருங்கள்.

மெதுவாக, நளினமாக வீசுகிறீர்களா? பரதம் பழகிய பிள்ளைகள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். அவர்கள் கை அழகாக, ஒரே சீராக வளைந்து போகிறது. முடுக்கமானிக்கு அது எதுவும் நடக்காத மாதிரி. இந்தக் கேமுக்குக் கை வெடுக்கென்று கிளம்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் ஆணி அடித்தது போல் நிற்க வேண்டும். உண்மையான சியர்லீடிங்கிலும் கை அப்படித்தான் போகும், ஆகவே கேம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. உறுமி மேளத்துக்கு ஆடிப் பழகிய எங்கள் வீட்டு மாமாக்கள் முதல் தடவையே நல்ல மார்க் எடுப்பதன் ரகசியமும் இதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது ரிமோட்டைப் பிடிக்கும் விதம். ஆட ஆட உள்ளங்கை வியர்த்து ரிமோட் திரும்பிக்கொள்ளும். பொத்தான் இருக்கும் முகம் பக்கவாட்டில் போய்விட்டால் நீங்கள் மேலே வீசுவதைக் கருவி வேறு பக்கமாகப் படிக்கும். பாட்டுக்குப் பாட்டு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வலது ரிமோட்டும் இடது ரிமோட்டும் மாறிப்போவது இன்னொரு வம்பு. எது எந்தக் கை என்று தெரிய ஒன்றில் சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டுவிட்டால் சண்டை இல்லை.

டிவியும் காரணமாக இருக்கலாம். இப்போதைய டிவிகள் படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்காகச் சற்றுத் தாமதம் செய்கின்றன. செட்டிங்கில் 'கேம் மோட்' என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். ஒலியைப் புளூடூத் ஸ்பீக்கரில் விடாதீர்கள். தாளம் காதுக்கு வந்து சேர்வதற்குள் கோடு ஓடிப்போயிருக்கும்.

மீதி பேட்டரி. ரிமோட் ஒன்றுக்கு இரண்டு ஏஏ பேட்டரி. சார்ஜ் செய்யும் வகையையும் தாராளமாகப் போடலாம். ஆளுக்கு இரண்டு ரிமோட் என்பதால் விருந்து நாளில் சார்ஜ் வகைதான் கட்டுப்படியாகும்.

மெனுவில் அம்புக்குறி நடுங்குகிறது, அங்கும் இங்கும் பாய்கிறது. ஏன்?

டிவி பக்கத்தில் சாமி மேடை இருக்கிறதா? குத்துவிளக்குச் சுடரும் அகல்விளக்குச் சுடரும் அகச்சிவப்பு ஒளியை நிறையவே விடும். ரிமோட்டின் மூக்குக் கேமரா அந்த நீளக்குச்சியின் விளக்கையும் சாமி விளக்கையும் குழப்பிக்கொள்ளும். குச்சி கெட்டுப்போனவர்கள் டிவி அடியில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துச் சமாளிப்பது பழைய தந்திரம், வேலையும் செய்யும்! நம் வீட்டில் அதுவே தொல்லையாகிறது. ஜன்னல் வழியாக மாலை வெயில் நேராக விழுந்தாலும் இதே கதைதான். விளக்கை அணைக்கச் சொல்லமாட்டேன். ரிமோட்டின் பார்வையில் விளக்கு படாதபடி டிவியைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள், அல்லது மெனுவில் தேர்ந்தெடுக்கும் அந்த நிமிடத்துக்கு யாராவது இடையில் நின்றுகொள்ளுங்கள். பாட்டு தொடங்கியபின் பிரச்சினை இல்லை.

கோலாலம்பூரில் எங்கே வாங்குவது? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

வீ 2006-இல் வந்த கருவி. அதன் தயாரிப்பு நின்று பல ஆண்டாகிறது, ஆகவே கிடைப்பதெல்லாம் பழையது. கேரோசல், முடா போன்ற பழைய பொருள் விற்கும் இணையத் தளங்களில் தேடினால் கருவி, ரிமோட், டிஸ்க் மூன்றும் சேர்த்துத் தள்ளிவிடுகிறவர்கள் அகப்படுவார்கள். லோ யாட் பிளாசா என்ற மின்னணுப் பொருள் கடைத்தொகுதியில் ஏறி இறங்கினால் உதிரிச் சாமான்கள் கிடைக்கலாம். எங்கே வாங்கினாலும் இரண்டு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

ஒன்று, நாடு. வீ கருவி அமெரிக்கா, ஜப்பான், ஐரோப்பா என்று பிரித்து விற்கப்பட்டது. அமெரிக்க டிஸ்க் அமெரிக்கக் கருவியில் மட்டும் ஓடும். மலேசியாவில் இந்த மூன்று வகையும் கலந்து கிடக்கின்றன. கருவியில் ஒட்டியிருக்கும் வில்லையில் மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் நாட்டைக் குறிக்கும் எழுத்துகள் இருக்கும். முதலில் கருவியைப் பார்த்துவிட்டு அப்புறம் டிஸ்க் தேடுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று டிஸ்க்கை முன்கூட்டி வாங்கினால் அது கோப்பைக்கு அடியில் வைக்கத்தான் உதவும்.

இரண்டு, கரண்ட். இது பணம் சம்பந்தப்பட்டது, கவனமாகப் படியுங்கள். அமெரிக்கக் கருவியோடு வரும் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது, ஜப்பானுடையது 100. நம் வீட்டுப் பிளக்கில் வருவது 240. பிளக் முள்ளை மட்டும் மாற்றும் சின்னத் துண்டைச் செருகி நேராகக் குத்தினால் கருவியோடு வந்த அடாப்டர் அன்றோடு சரி. கருவிக்குள் போவது 12 வோல்ட் நேர்மின்சாரம்தான், எந்த நாட்டுக் கருவியானாலும் அதுவே. ஆகவே பிரிட்டன் அடாப்டர் ஒன்றைத் தேடிப் போட்டால் போதும், மூன்று முள்ளும் நம் சுவரில் அப்படியே பொருந்தும். செங்கல் கனத்தில் டிரான்ஸ்பார்மர் வாங்கச் சொல்கிறவர்களும் உண்டு. வேண்டாம்.

விற்பவர் வீட்டிலேயே டிஸ்க்கைப் போட்டு ஒரு பாட்டு முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள். உள்ளே கரகரவென்று அரைத்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். போலி ரிமோட்டும் நிறைய உலவுகிறது. வெளியே பார்க்க ஒன்றுபோல் இருக்கும், ஆடும்போதுதான் சுணங்கும்.

புது டிவியில் வீ-யின் ஒயரைச் செருகும் அந்த மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டை இல்லையே?

வீ-யை எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் விரல் நீளக் கருவி ஒன்று ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. படம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். வீ-யின் அதிகபட்சமே 480 வரிகள், அதற்கு மேல் யாராலும் கூட்ட முடியாது. ஆடுகிறவர்கள் கண்டுகொள்வதில்லை. சும்மா உட்கார்ந்து பார்க்கிறவர்கள்தான் குறை சொல்வார்கள்.

எங்களிடம் நிண்டெண்டோவின் புதிய கருவியான சுவிட்ச் இருக்கிறது. அதில் ஆட முடியாதா?

முடியாது. சுவிட்சில் வீ டிஸ்க் ஓடாது. வீ-க்கு அடுத்து 2012-இல் வந்த வீ யூ கருவியில் ஓடும், வீட்டில் அது கிடந்தால் தூசி தட்டி எடுங்கள்.

சுவிட்சிலேயே இரண்டு கை வேலை வேண்டுமென்றால் 'சம்பா டி அமிகோ: பார்ட்டி சென்ட்ரல்' பாருங்கள், 2023-இல் சேகா வெளியிட்டது. போம்போமுக்குப் பதில் மராகஸ் என்ற கிலுகிலுப்பை. ஆளுக்கு இரண்டு ஜாய்கான் (சுவிட்சின் கை ரிமோட்) தேவை. குணத்தில் இதுதான் சியர்லீடிங் கேமுக்கு நெருக்கம். ஜஸ்ட் டான்ஸ் வாங்குவதாக இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: 2023 பதிப்பு முதல் பெட்டிக்குள் கார்டு வருவதில்லை, தரவிறக்கக் குறியீடுதான். கம்பத்துக்கு (கிராமத்துக்கு) எடுத்துப்போய் ஆடலாம் என்றால் அதற்கு முன்பே வீட்டு வைஃபையில் எல்லாவற்றையும் இறக்கி வைக்க வேண்டும்.

நாங்கள் பிளாட்டில் இருக்கிறோம். கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவாரே?

குதித்தால் தட்டுவார். குதிக்காதீர்கள். மேலே சொன்னேனே, ரிமோட்டுக்குக் கால் தெரியாது என்று. திரையில் அந்தப் பெண் துள்ளும்போது நீங்கள் முழங்காலைச் சற்று மடக்கி நிமிர்ந்து கையை உயர்த்தினாலே மார்க் விழும். சிறு பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்தான். அவர்களைத் தடித்த ரப்பர் பாயின் மேல் நிறுத்துங்கள். பாய் சறுக்காததாக இருக்கட்டும். டைல்ஸ் தரையில் காலுறை போட்டுக்கொண்டு யாரும் ஆடக்கூடாது, அதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. இரவு பத்து மணிக்குமேல் ஒலியைக் குறைத்துவிடுங்கள். தீபாவளிக்கு முறுக்கு கொடுக்கப் போகும்போதே கீழ்வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லி, அவர்கள் பிள்ளைகளையும் ஆட அழைத்துவிட்டால் பிறகு யார் தட்டப்போகிறார்கள்?

ஹாலில் எவ்வளவு இடம் வேண்டும்?

கையை இரண்டு பக்கமும் முழுக்க நீட்டி ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எதிலும் படக்கூடாது. இரண்டு பேர் ஆடினால் அப்படி இரண்டு வட்டம். டிவியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் சௌகரியம்.

எல்லாரும் பக்கவாட்டை அளந்துவிட்டு மேலே பார்க்க மறந்துவிடுகிறார்கள். நம் ஊர் உயரம் குறைந்த கூரையில் காற்றாடி தலைக்கு மேலேயே சுற்றுகிறது. கையில் ரிமோட்டோடு உயரமான பையன் இரண்டு கையையும் தூக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இந்த வெக்கையில் காற்றாடியை நிறுத்தவும் முடியாது. நிற்கும் இடத்தை அதற்கு நேர்கீழே இல்லாமல் தள்ளி வையுங்கள்.

மணிக்கட்டுக் கயிறு கட்டாயம். வீ வந்த முதல் மாதமே ரிமோட் பறந்து டிவி உடைந்த கதைகள் வந்தன. நிண்டெண்டோவே 2006 டிசம்பரில் மெல்லிய கயிறுகளைத் தடித்தவையாக மாற்றித் தந்தது. பழைய ரிமோட் வாங்கும்போது கயிறு நைந்திருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள்.

பையன்கள் ஆடலாமா? சிரிப்பார்களே.

சியர்லீடிங்கைத் தொடங்கியதே ஓர் ஆண்தான். 1898 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்து அமெரிக்கக் கால்பந்துப் போட்டியில் ஜானி கேம்பல் என்ற மாணவர் கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்று முழக்கத்தை எடுத்துக்கொடுத்தார். அடுத்த இருபது ஆண்டுக்கு மேல் அது ஆண்களின் வேலையாகவே இருந்தது. அங்கே பெண்கள் சேர்ந்தது 1923-இல். அமெரிக்க அதிபராக இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ் பள்ளி நாளில் சியர்லீடராக இருந்தவர். போம்போம் வைத்து ஆடுவதைப் பரப்பி, அதற்குக் காப்புரிமையும் வாங்கிய லாரன்ஸ் ஹெர்கிமரும் ஆண்தான். சிரிக்கிற மாமாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அவர் கையிலேயே இரண்டு ரிமோட்டைக் கொடுத்துவிடுங்கள்.

அந்த உடையைப் பார்த்து அத்தை முகம் சுளித்தார்கள்.

குட்டைப் பாவாடைதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆட்டம் உற்சாகமானது, கேவலமானது அல்ல. ஆனாலும் எது பொருந்தும் என்பதை அவரவர் வீடுதான் முடிவு செய்யவேண்டும். வாங்குவதற்கு முன் யூடியூபில் ஒரு பாட்டை அத்தையோடு உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் எதிர்ப்பு வந்தது உடைக்கு இல்லை, சத்தத்துக்கு.

தமிழ்ப் பாட்டு போட முடியுமா?

உள்ளே இருப்பது ஆங்கிலப் பாட்டுகள் மட்டும், வெளியிலிருந்து எதையும் ஏற்ற முடியாது. டிவியை மௌனமாக்கிவிட்டுக் கைப்பேசியில் குத்துப் பாட்டைப் போடலாமா என்று ஒரு தம்பி கேட்டான். போடலாம். ஆனால் கோடுகள் பழைய தாளத்துக்கே ஓடும், மார்க் அதல பாதாளத்துக்குப் போகும். அதைப் பற்றிக் கவலைப்படாத இரவுகளில் அதுவே நல்ல கூத்து.

எத்தனை பேர் ஆடலாம்? பாட்டி தாத்தாவும் ஆட முடியுமா?

ஒரு வீ-யில் ஒரே நேரத்தில் நான்கு ரிமோட்தான் இணையும். ஆளுக்கு இரண்டு என்றால் இரண்டு பேர். மற்றவர்களுக்கு வரிசை. காத்திருப்பவர்களைச் சும்மா உட்கார விடாதீர்கள், அவர்களும் பின்னால் நின்று வெறுங்கையால் ஆடட்டும். சிறு பிள்ளைகளுக்கு இது பெரிய நிம்மதி. ரிமோட் இல்லாத ரிமோட்டே போதும் அவர்களுக்கு.

பாட்டி தாத்தாவுக்கு நாற்காலி போடுங்கள். கை மட்டும் கணக்கு என்பதால் உட்கார்ந்தபடியே ஆடலாம். ஒரு ரிமோட்டை வைத்து ஆடும் வழியும் கேமில் உண்டு, தோள்பட்டை பிடித்துக்கொண்டவர்களுக்கு அது உதவும். இதய நோய், உயர் இரத்த அழுத்தம், அண்மையில் அறுவை சிகிச்சை என்றால் மருத்துவரைக் கேட்டபிறகு. வலிப்பு உள்ளவர்கள் மின்னி மின்னி மாறும் திரையைத் தவிர்ப்பதே நல்லது.

உடம்பு இளைக்குமா?

வியர்க்கும். இளைப்பது நீங்கள் அதற்கு முன்னும் பின்னும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமும், பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமும் உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மழை பெய்து பிள்ளைகள் திடலுக்குப் போகமுடியாத மாலையில் அதில் ஒரு பங்கை இது நிரப்பும்.

மகள் பள்ளி சோராக் (சியர்லீடிங்) அணியில் இருக்கிறாள். இது பயிற்சியாகுமா?

கைக்கு ஆகும், மற்றதற்கு ஆகாது. கை 'வி' வடிவில் மேலே போய் நிற்பது, பக்கவாட்டில் 'டி' வடிவில் விறைப்பாக நிற்பது, எட்டு எண்ணிக்கைக்குள் நிலை மாறுவது எல்லாம் உண்மையான சியர்லீடிங்கின் அரிச்சுவடி. போட்டி விளையாட்டு நாளில் இல்லத்துக்காகக் கத்தும் பிள்ளைகளில் கை ஒன்றுபோல் நிற்கும் அணி தனியாகத் தெரியும்.

ஆளைத் தூக்குவது, மேலே எறிந்து பிடிப்பது, கோபுரம் கட்டுவது எல்லாம் வேறு உலகம். அதற்குப் பயிற்றுநர், மெத்தை, பிடிப்பதற்கு ஆள் வேண்டும். அனைத்துலகச் சியர் சங்கத்துக்கு அனைத்துலக ஒலிம்பிக் குழு 2021-இல் முழு அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. அந்த அளவுக்கு அது கடுமையான விளையாட்டு. கேமில் பார்த்துவிட்டு அக்காள் தங்கையைத் தூக்கிப்போட முயன்றால் உடனே கருவியை அணையுங்கள்.

ஆடி முடித்தபின் எப்படி எடுத்து வைப்பது?

பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ரிமோட்டுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் பேட்டரி கசிந்து உள்ளிருக்கும் தகட்டை அரித்துவிடும். ரிமோட்டின் ரப்பர் உறையைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்ந்தபின் போடுங்கள், வியர்வை அதில்தான் தங்கும். டிஸ்க்கை அதன் பெட்டிக்குள் வையுங்கள், கருவிக்கு மேல் அல்ல. அடாப்டர் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி '240' என்றோ '120' என்றோ எழுதி வைத்தால் அடுத்த தீபாவளிக்கு எடுப்பவர் யாராக இருந்தாலும் பிழைத்துக்கொள்வார்.